சிங்கப்பூரில் நீர்ப்பறவை தேடும் ஊர்க்காரர்களுக்கு

"அண்ணே, இங்க கவட்டை எங்க கிடைக்கும்?"

சிங்கப்பூருக்கு வந்த மூன்றாவது வாரம் ஊர்த் தம்பி ஒருவன் என்னிடம் கேட்டது இது. கவட்டை என்றால் பறவையடிக்கும் உண்டிவில். வேதாரண்யம் பக்கத்துப் பையன், சுங்கை காடுட்டில் விடுதியில் தங்கியிருந்தான். வேலைக்குப் போகும் லாரியிலிருந்து கால்வாய் ஓரம் கானாங்கோழி மேய்வதைத் தினமும் பார்த்திருக்கிறான். கொக்கு கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது, ஆளைக் கண்டும் பறக்கவில்லை. கை துறுதுறுத்துவிட்டது.

அவனை நான் திட்டவில்லை. நானும் அந்த வயல்வெளியில் வளர்ந்தவன்தான். ஐப்பசி மழையில் வயலெல்லாம் தண்ணீர் நிற்கும்போது வரப்போரம் நரம்புக் கண்ணி வைத்து உள்ளானும் மடையானும் பிடித்திருக்கிறேன். விடியுமுன் எழுந்து, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, மூச்சை அடக்கிச் சேற்றில் உட்கார்ந்திருக்கும் சுகம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இந்தியாவில் 1972-இலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. நாங்கள் செய்தது ஊரிலேயே குற்றம்தான், அதை எங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஒருநாள் வேட்டைக்காரர் ஒருவர் பார்வைக் கொக்கைக் கையில் பிடித்திருந்ததைக் கிட்டத்தில் பார்த்தேன். மற்றக் கொக்குகளைக் கூப்பிட்டு இறக்குவதற்காகக் கட்டிவைக்கும் பறவை அது. மிரண்டு படபடக்காமலிருக்க அதன் இமைகளை நூலால் தைத்திருந்தார்கள். கருப்பு நூல், பொடித் தையல். அதற்குப் பிறகு நான் கண்ணியைத் தொடவில்லை. ஆனால் பறவையின் மேல் இருந்த ஆசை போகவில்லை. அந்த ஆசையோடு இங்கே வந்து இறங்குபவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் சட்டம்

சிங்கப்பூரில் பறவை வேட்டை என்று ஒரு பருவமும் கிடையாது, அதற்கு உரிமம் வாங்கிக்கொள்ளும் வழியும் கிடையாது. 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2020-இல் திருத்தி, வனவிலங்குச் சட்டம் என்று பெயர் மாற்றி, தண்டனைகளைக் கூட்டினார்கள். அனுமதியில்லாமல் காட்டுப் பறவையைக் கொல்வது, பிடிப்பது, வளர்ப்பது எல்லாமே குற்றம். அபராதம் ஆயிரக்கணக்கான வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), சிறையும் உண்டு. தீனி போடுவதற்கே முதல் தடவை 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம், மறுபடி செய்தால் 10,000 வரை. புறாவுக்கு மிச்சச் சோற்றைப் போடுவதும் இதில் அடங்கும். அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைத்துப் பழகிய நமக்கு இது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் வைக்காதீர்கள். கடையில் வாங்கிய பறவையைப் புண்ணியத்துக்காகத் திறந்துவிடுவதும் கூடாது.

துப்பாக்கி விஷயத்தில் விளையாட்டே வேண்டாம். அனுமதியில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டுச் சிறையும் 6 பிரம்படியும். ஏர்கன்னுக்கும் கட்டுப்பாடு உண்டு. ஊரில் பெரியப்பா காலத்துக் காலித் தோட்டாவைச் சாவிக்கொத்தில் மாட்டியிருந்தால் விமானம் ஏறுமுன் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். பையில் மறந்துபோன ஒரு தோட்டா சாங்கி விமான நிலையத்தில் உங்கள் வேலையையே பறித்துவிடக்கூடும். குறிபார்த்துச் சுடும் ஆசை இருந்தால் அதை விளையாட்டாக, அங்கீகாரம் பெற்ற கிளப்பில் சேர்ந்து, அவர்கள் மேற்பார்வையில்தான் செய்ய முடியும். செலவு அதிகம், சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகாது.

கவட்டை கேட்ட தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "ஞாயித்துக்கிழமை என்னோட வா, அந்தப் பறவைங்கள எங்க உக்காந்து பாக்கணும்னு காட்டுறேன்" என்றேன்.

சுங்கை பூலோ

புதிதாக வந்தவர்கள் வேறெங்கும் அலையாமல் நேராக இந்த ஈரநிலக் காப்பகத்துக்குப் போங்கள். கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 925 பேருந்து. காலை 7 முதல் மாலை 7 வரை திறந்திருக்கும், கட்டணம் இல்லை. கிராஞ்சி, சுங்கை காடுட் விடுதிகளில் இருப்பவர்களுக்குக் கூப்பிடு தூரம்தான், அப்படியும் பலருக்கு இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது.

உள்ளே போனதும் நம் கடலோரத்து ஆளுக்கு இடம் சட்டென்று பிடிபட்டுவிடும், ஏனென்றால் இது பழைய இறால் பண்ணை. கரை போட்ட குளங்கள், குளத்துக்குக் குளம் மதகு. அந்தக் காலத்தில் கடல் ஏறும் ஏற்றத்தில் மதகைத் திறந்து கடல்நீரோடு இறால் குஞ்சை உள்ளே விடுவார்கள், கடல் இறங்கும் வற்றத்தில் மதகு வாயில் வலை கட்டி இறாலைப் பிடிப்பார்கள். 1986-இல் பறவை ஆர்வலர்கள் சிலர் இங்கே வந்திறங்கும் வலசைப் பறவைகளைக் கண்டு, இந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அரசிடம் எடுத்துச் சொன்னார்கள். 1993-இல் பூங்காவாகத் திறந்தது, 2002-இல் 130 ஹெக்டேருடன் இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மதகுகள் இப்போதும் வேலை செய்கின்றன. பறவைகள் நின்று மேயத் தோதாகக் குளத்தில் தண்ணீரை ஏற்றி இறக்கத்தான் இன்றைக்கு அவை பயன்படுகின்றன.

வாசல் இரண்டு. நியோ தியூ கிரசெண்ட் பக்கத்து வாசலை ஒட்டித்தான் வலசைப் பறவைப் பாதையும், மறைந்திருந்து பறவை பார்க்கும் அதன் மரக்குடில்களும் இருக்கின்றன. கிராஞ்சி வழியாக நுழைந்தால் உள்ளேயே நடந்து அங்கே போய்விடலாம்.

பருவம் செப்டம்பர் முதல் மார்ச் வரை. மற்ற மாதங்களிலும் கொக்கும் நாரையும் கானாங்கோழியும் இருக்கும், ஆனால் வடக்கிலிருந்து வரும் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் அக்டோபர், நவம்பரில் போங்கள்.

கிளம்புமுன் கடல் ஏற்றவற்றம் பார்க்க வேண்டும். வேட்டைக்குப் போனவனுக்கு இதை விளக்கவே தேவையில்லை. புதிதாக வருபவர்கள் பலர் விடிகாலையில் போய், குளம் காலியாகக் கிடப்பதைப் பார்த்து ஏமாந்து திரும்புவது இதைக் கவனிக்காததால்தான். வற்றத்தில் பறவைகள் ஜொகூர் நீரிணையின் சேற்றுப் படுகையில் பரவி மேயும், கரையிலிருந்து பார்த்தால் வெறும் புள்ளிகள். ஏற்றம் வந்து சேறு மூழ்க மூழ்க நிற்க இடமில்லாமல் கூட்டமாகக் குளங்களுக்குள் வந்து இறங்கும். ஏற்றம் உச்சிக்கு வருவதற்கு 2 மணி நேரம் முன்பே குடிலில் உட்கார்ந்துவிடுங்கள். அன்றன்றைய ஏற்ற நேரம் வானிலை நிலையத்தின் தளத்திலேயே கிடைக்கும்.

அந்த ஞாயிறு நாங்கள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். முதல் அரை மணி நேரம் சாம்பல் நாரை ஒன்றுதான் மதகுமேல் நின்றது. தம்பி பொறுமையாக இருந்தான், அது பழகிய பொறுமை. பிறகு எங்கள் தலைக்குப் பின்னாலிருந்து மூன்று மெல்லிய சீழ்க்கை. நான் பைனாக்குலரைத் தூக்குமுன் அவன் சொல்லிவிட்டான்: "செங்கால் உள்ளான் அண்ணே." திரும்பாமலே, குரலை வைத்தே! அடுத்த நிமிடம் இருபது முப்பது பறவைகள் சரிந்து இறங்கின. சிவந்த கால்கள், இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளைப் பட்டை. இறங்கியதும் எல்லாமே காற்றுக்கு முகம் காட்டித் திரும்பி நின்றன. புத்தகத்தில் இதற்குப் பவளக்காலி என்று பெயர். கோடியக்கரைச் சேற்றிலும் இதே பறவைதான். சுங்கை பூலோவில் பிடித்து முதுகில் கருவி பொருத்தி விட்ட பவளக்காலிகள் திபெத்தியப் பீடபூமி வரை போயிருப்பதைத் தேசிய பூங்காக் கழகத்து ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். அதைச் சொன்னபோது தம்பி வெகுநேரம் பேசவில்லை.

அவற்றோடு சேர்ந்து வளைந்த அலகுள்ள சின்னக் கோட்டானும் பச்சைக்காலியும் பொன்னிற உப்புக்கொத்தியும் வரும். காலில் பச்சையும் வெள்ளையுமாகச் சின்னக் கொடி மாட்டிய பறவையைக் கண்டால் அது இங்கேயே வளையமிட்டது. கொடியில் எழுத்து தெரிந்தால் குறித்துக்கொண்டு காப்பகத்தில் சொல்லுங்கள். அந்த ஒரு வரித் தகவலால் பறவையின் ஒரு வருடப் பயணம் தெரியவரலாம்.

பாதையை விட்டு இறங்காதீர்கள். இங்கே உப்புநீர் முதலைகள் உண்டு, கரையோரம் வெயில் காய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பது சும்மா இல்லை.

வாத்து எங்கே?

ஊரில் மார்கழி என்றால் ஏரியெல்லாம் ஊசிவால் வாத்தும் கிளுவையும் நீலச்சிறகியும் மிதக்கும். அந்தக் காட்சியை இங்கே எதிர்பார்க்காதீர்கள். வடக்கு வாத்துகள் இவ்வளவு தெற்கே வருவது அபூர்வம். இங்கேயே இருக்கும் காட்டு வாத்து என்றால் சீழ்க்கைச் சிறகிதான். அதைப் பார்க்கச் சேற்றில் இறங்கவே வேண்டாம், தாவரவியல் பூங்காவின் ஏரிகளிலேயே பார்க்கலாம். குள்ளத்தாரா மிகக் குறைவு. நம் ஊர்க் குளத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத முக்குளிப்பான் இங்கே அரிய பறவை, அதைத் தேடி லோரோங் ஹாலுஸ் பக்கம் ஆட்கள் கேமராவோடு காத்துக் கிடந்திருக்கிறார்கள். பொங்கோலை அடுத்த அந்த ஈரநிலம் 1999 வரை குப்பை கொட்டிய இடம் என்றால் நம்புவது கடினம்.

கோரை உள்ளான் பிடித்துப் பழகியவர்கள் கிராஞ்சி சதுப்புநிலத்துக்குப் போங்கள். 1970-களில் கிராஞ்சி ஆற்றை அணை கட்டித் தேக்கியபோது உருவான நன்னீர்ச் சதுப்பு, 2016-இல் மக்களுக்குத் திறந்தார்கள். கோபுரத்தில் ஏறி நின்றால் கோரைக்கு மேலே செந்நாரை பறப்பதும் நீலத் தாழைக்கோழி தலை நீட்டுவதும் தெரியும். உள்பகுதிக்கு வழிகாட்டியோடுதான் விடுவார்கள்.

சங்குவளை நாரையைப் பார்த்து வேடந்தாங்கல் நினைவு வந்து நெகிழ்ந்துபோகிறவர்கள் உண்டு. இங்கே பறப்பவை விலங்குத் தோட்டத்துப் பறவைகளின் வழிவந்தவை, பால்நிற நாரையோடு கலந்து குஞ்சு பொரிக்கவும் செய்கின்றன. நத்தைகொத்தி நாரை அப்படியல்ல, 2019 கடைசியில் அது தானாகவே வடக்கிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தது.

சாமான்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 8 மடங்கு பெருக்கும் பைனாக்குலர் போதும். புதிதாக வாங்காமல் கரோசல் என்ற இணையச் சந்தையில் பழையது தேடுங்கள், வாங்குமுன் கண்ணில் வைத்துப் பாருங்கள், உள்ளே பூஞ்சை பிடித்திருக்கும். மங்கிய நிறத்தில் முழுக்கைச் சட்டை, முழு பேண்ட், கொசு மருந்து, தண்ணீர். டிசம்பர், ஜனவரியில் மழை கொட்டும். இடி கேட்டால் கோபுரத்திலிருந்து இறங்கிவிடுங்கள். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடாதீர்கள், வாயாலும் வேண்டாம். பார்வைக் கொக்கு செய்த வேலையைத்தான் அதுவும் செய்கிறது. அடிபட்ட பறவையோ கீழே விழுந்த குஞ்சோ கண்ணில் பட்டால் அறைக்குத் தூக்கிவராமல் 1800-476-1600 என்ற எண்ணுக்கு அழையுங்கள், தேசிய பூங்காக் கழகத்து ஆட்கள் வருவார்கள்.

வாத்துக் கறிதான் வேண்டும் என்றால் டெக்கா சந்தைக்குப் போங்கள். ஊரிலிருந்து உப்புக்கண்டம் போட்டுக் கொண்டுவராதீர்கள், சோதனையில் பிடிபடும்.

கொஞ்சம் பழகியதும் ஜனவரியில் இயற்கைச் சங்கத்தினர் நடத்தும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேரப் பாருங்கள். பறக்கும் கூட்டத்தை ஒரே பார்வையில் எண்ணும் பழக்கம் வேட்டைக்காரனுக்கு உண்டு, அங்கே அது மிகவும் தேவைப்படும். தம்பி போன தடவை என்னோடு வந்தான். நான் "நாற்பது இருக்குமா?" என்று கேட்டேன், அவன் "நாப்பத்தாறு அண்ணே, ரெண்டு பச்சைக்காலி" என்றான். படம் எடுத்து எண்ணிப் பார்த்தோம், நாற்பத்தாறுதான்.

ஏற்றம் திரும்பி ஒரு மணி நேரம் ஆனதும் குளத்தில் ஒரு சலசலப்பு எழும். முதலில் கோட்டான்கள் எழும்பும், பிறகு செங்கால் உள்ளான்கள். சேறு வெளியே தெரிய ஆரம்பித்திருக்கும். அவை வெளியேறிய பிறகு குடிலில் உட்கார்ந்திருப்பதில் பயனில்லை, 925 பிடிக்க நடக்க ஆரம்பிக்கலாம்.