தாய் சேய் நலக் கணக்கு: யாழ்ப்பாணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1940களின் நடுப்பகுதியில் இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புக்கு 1,500க்கும் மேலான தாய்மார் இறந்தார்கள். அண்மைக் காலத்தில் அது 30ஐ ஒட்டி நிற்கிறது. கொரோனா உச்சத்தில் இருந்த 2021இல் மேலே போனது. மலேரியா அடங்கியது, வைத்தியமும் படிப்பும் இலவசமானது, 1926இல் களுத்துறையில் தொடங்கிய, பகுதி பகுதியாகப் பிரித்து நோய்த் தடுப்பையும் தாய் சேய் கவனிப்பையும் பார்க்கிற சுகாதாரப் பிரிவு முறை நாடெங்கும் பரவியது, எல்லாவற்றுக்கும் மேலாகப் படலையைத் திறந்துகொண்டு வீட்டுக்கே வருகிற குடும்பநல உத்தியோகத்தர் (மிட்வைஃப்). பெருமைப்பட வேண்டிய விசயந்தான். ஆனால் இந்த நாட்டு எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதுதான் பிழைகள் வருகின்றன. மாணவர் ஆய்வு, தொண்டு நிறுவன அறிக்கை, பத்திரிகைத் தலைப்பு என்று எங்கும் திரும்பத் திரும்பக் காண்கிற சிலதைச் சொல்கிறேன்.

வடக்கு இல்லாத வரைபடம்

முதலாவதும் பெரியதும் இதுதான். ஐ.நா.வின் மிலேனிய இலக்குகள் 1990ஐத் தொடக்க ஆண்டாக வைத்து முன்னேற்றத்தை அளந்தன. அந்த ஆண்டு ஜூனில் இங்கே யுத்தம் மறுபடி வெடித்தது. தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வு 1987, 1993, 2000 ஆகிய மூன்று முறையும் வடக்கை விட்டுவிட்டே நடந்தது. 2006–07இல் கிழக்கு சேர்ந்தது, வட மாகாணம் சேரவில்லை. 25 மாவட்டங்களையும் எடுத்தது 2016 ஆய்வுதான். குடிசன மதிப்பீடும் அப்படியே: 1981க்குப் பிறகு இங்கே முழுமையாக நடந்தது 2012இல்.

ஆக, 1987இலிருந்து 2016 வரை ஒரே கோடாக இழுத்து “நாடு தழுவிய முன்னேற்றம்” என்று தலைப்புப் போட்டால், அந்தக் கோட்டின் பெரும்பகுதியில் நாங்கள் இல்லை. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதிச் சனம் யுத்தத்தால் இடம்பெயர்ந்தபோது வழியில் பிறந்த பிள்ளைகளையும் வழியில் இறந்துபோன பிள்ளைகளையும் அந்தக் கோடு அறியாது. 2006–07ஐயும் 2016ஐயும் ஒப்பிடத்தான் வேண்டும் என்றால், 2016 தரவிலிருந்தும் வட மாகாணத்தைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். அல்லது “வடக்கு முதலில் சேர்ந்தது 2016இல்” என்று வரைபடத்துக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரியை எழுதாமல் விடுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

பிறந்த இடமா, இருக்கிற இடமா

இலங்கையில் ஒரு பிறப்போ இறப்போ, அது நடந்த பிரிவின் பதிவாளரிடம்தான் பதிவாகும். கிளிநொச்சியிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ மாதம் நிரம்பாத குழந்தை ஒன்றை அம்புலன்சில் பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு, கொண்டுவருகிறார்கள் என்று வையுங்கள். மூன்றாம் நாள் அது இறந்துவிட்டால், பதிவு யாழ்ப்பாணத்தில் விழும். இப்படிச் சேர்ந்த எண்ணை எடுத்து, “கிளிநொச்சியை விட யாழ்ப்பாணத்தில் சிசு மரணம் (ஒரு வயதுக்குள் இறப்பது) கூடுதல்” என்று எழுதிவிடுகிறார்கள். சிக்கலான கேஸ்களைப் பொறுப்பெடுக்கிற வைத்தியசாலை உள்ள மாவட்டம் எப்போதும் மோசமாகத்தான் தெரியும். கொழும்புக்கும் இதே கதிதான்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் வழியாகக் குடும்ப சுகாதாரப் பணியகத்துக்குப் போகிற கணக்கு வேறு. அது தாய் எங்கே வசிக்கிறார் என்பதைப் பின்பற்றுகிறது. மாவட்டங்களை ஒப்பிடுவதானால் அதைத்தான் எடுக்க வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கொழும்பிலோ வவுனியாவிலோ குடியிருக்கிற மகள் பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்கு வருவது இங்கே வழக்கம். அங்கே கர்ப்பவதியாகப் பதிந்தவர், இங்கே பெற்று, இரண்டு மாதத்தில் திரும்பிப் போய்விடுவார். இரண்டு இடத்திலும் எண்ணப்படலாம், ஒரு இடத்திலும் எண்ணப்படாமலும் போகலாம். அட்டவணையைத் தருகிறவரிடம் “இது வதிவிடமா, நிகழ்ந்த இடமா?” என்று கேட்காமல் ஒரு எண்ணையும் எடுக்காதீர்கள். இரண்டு அட்டவணையைக் கலந்து, மேலே ஒன்றும் கீழே ஒன்றும் வைத்து வகுப்பது இன்னும் மோசம்.

“இரட்டிப்பானது” என்ற தலைப்பு

ஒரு மாவட்டத்தில் வருசத்துக்கு 8,000 பிரசவம் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு வருசம் இரண்டு தாய்மார் இறந்தால் வீதம் இலட்சத்துக்கு 25. அடுத்த வருசம் நான்கு என்றால் 50. தலைப்பு தயாராகிவிடும். உண்மையில் இந்த அளவில் ஒரேயொரு மரணம் வீதத்தை 12.5ஆல் ஏற்றி இறக்கும். நெடுந்தீவு மாதிரி சனம் குறைந்த ஒரு தீவுப் பிரிவை மட்டும் தனியே எடுத்து வீதம் போடுவது கணக்கே இல்லை. ஐந்து வருசத்தைச் சேர்த்துப் பாருங்கள், இல்லையென்றால் எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள்.

மரணங்கள் குறைந்திருக்கும்போதும் அவசரப்படக்கூடாது. பத்து வருசத்துக்கு முன்னர் நாட்டில் ஆண்டுக்கு 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகள் பதிவாகின. 2023இல் அது இரண்டரை இலட்சத்துக்கும் கீழே. பிறப்புக் குறைந்தாலே மரண எண்ணிக்கையும் குறையும். சேவை கூடிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

எண்கள் இவ்வளவு சிறிதாகிவிட்ட நாட்டில், ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியாக விசாரிப்பதுதான் பயன் தரும். 1985இலிருந்து தாய் மரணத்தை அறிவிப்பது இங்கே கட்டாயம். தாமதம் எங்கே நடந்தது, வீட்டிலா, தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வருகிற படகிலா, வைத்தியசாலைக்குள்ளேயா என்று பார்க்கிற அந்த மீளாய்வில் உள்ளது எந்த வீதத்திலும் இல்லை.

31ஆம் நாளோடு முடிவதில்லை

எங்கள் வீடுகளில் 31ஆம் நாள் துடக்குக் கழிந்தால் பேறு முடிந்ததாகிவிடும். கணக்கு அப்படியில்லை. கர்ப்ப காலத்திலும், கர்ப்பம் முடிந்து 42 நாட்கள் வரையிலும், கர்ப்பத்தால் உண்டான அல்லது அதனால் மோசமான காரணத்தால் நேர்கிற மரணம் தாய் மரணம். 35ஆம் நாள் வேறொரு ஊரில், மருத்துவ விடுதியில், இருதய நோயால் இறந்த பெண் அண்மையில் பிள்ளை பெற்றவர் என்று யாரும் எழுதாவிட்டால் அது சாதாரண மரணமாகப் போய்விடும். கர்ப்பத்திலும் பேற்றுக்குப் பின்னரும் நேர்கிற தற்கொலையைத் தாய் மரணமாகவே எண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல் சொல்லிவிட்டது. “அது குடும்பப் பிரச்சினை” என்று ஒதுக்குவது சரியில்லை. தெருவிபத்து இந்தக் கணக்கில் சேராது.

பிள்ளைப் பக்கத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. இறந்தே பிறந்த பிள்ளை சிசு மரண வீதத்தில் வராது. இரண்டு மூச்சு விட்ட பிள்ளையை “இறந்து பிறந்தது” என்று எழுதினால் சிசு மரணம் தானாகக் குறையும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பச்சை அடையாளம் போட்டு மூடிவிடுவது

2030க்கான உலக இலக்குகள்: தாய் மரணம் ஒரு இலட்சத்துக்கு 70க்குக் கீழ், பிறந்து 28 நாளுக்குள் மரணம் ஆயிரத்துக்கு 12, ஐந்து வயதுக்குள் ஆயிரத்துக்கு 25. இவற்றை இலங்கை எப்போதோ கடந்துவிட்டது. ஆகவே எங்கள் வேலை முடிந்தது என்று நினைப்பது சோம்பேறித்தனம். 2016 ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 15.1 சதவீதம் உயரத்துக்கேற்ற நிறையில்லாதவர்கள், 17.3 சதவீதம் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். முதலாவது 15ஐத் தாண்டினால் “மிக அதிகம்” என்பது உலக அளவுகோல். பிள்ளைகள் சாகவில்லை, ஆனால் மெலிந்திருக்கிறார்கள்.

இந்த நிறை, உயரக் கணக்கு தொடங்குவது கிளினிக்கில். அங்கேதான் சின்னச் சின்னப் பிழைகள் நடக்கின்றன. தராசை வெறுமையாக விட்டு முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதில்லை. அழுகிற பிள்ளையைச் சட்டை, வளையலோடேயே தொங்கவிடுகிறார்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் படுக்க வைத்துத்தான் நீளம் எடுக்க வேண்டும். நிற்க வைத்தால் ஏறத்தாழ 0.7 சென்ரிமீற்றர் குறையும். அப்படி எடுத்ததென்றால் அதைக் கூட்டிய பிறகே பிள்ளையின் வளர்ச்சிக் கொப்பியில் உள்ள நிறப் பட்டைகளில் புள்ளி வைக்க வேண்டும். எல்லைக்கோட்டில் நிற்கிற பிள்ளைக்கு இது போதும், ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்குப் போக. பிறகு இன்னொன்று: கிளினிக் கணக்கில் வருவது கொண்டுவந்த பிள்ளைகள் மட்டும். தடுப்பூசிகளின் பெரும்பகுதி முடிந்த பிறகு வராமல் விடுகிற பிள்ளையின் நிறை யாருக்கும் தெரியாது.

மேலே எத்தனை, கீழே எத்தனை

“தடுப்பூசி 104 சதவீதம்” என்று அறிக்கையில் கண்டால் சிரித்துவிட்டுக் கடக்காதீர்கள். வகுத்த எண் பிழை என்று அது சொல்கிறது. பழைய சனத்தொகையை வைத்து “இத்தனை பிறப்பு எதிர்பார்க்கிறோம்” என்று கணித்தால், குடும்பமாகக் கனடாவுக்கோ கொழும்புக்கோ போய்விட்ட ஊரில் சதவீதம் விழும். வீட்டுத்திட்டம் வந்து சனம் கூடிய ஊரில் நூறைத் தாண்டும். இரண்டிலும் மிட்வைஃபின் வேலையில் குறையில்லை. அவர் வீடுவீடாகப் போய் எழுதி வைத்திருக்கிற குடும்பப் பதிவேடுதான் நம்பக்கூடிய அடித்தளம்.

கடைசியாக, ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீடுகள். புதிய தொகுப்பு வரும் ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுகளின் எண்களையும் அவர்கள் திருத்திப் போடுகிறார்கள். பழைய அறிக்கையில் 2015ஐயும் புதிய அறிக்கையில் 2020ஐயும் எடுத்து ஒப்பிட்டால் கிடைக்கிற ஏற்றமோ இறக்கமோ வெறும் கணிப்பு முறை மாற்றமாக இருக்கலாம். இரண்டு ஆண்டையும் புதிய தொகுப்பிலிருந்தே எடுங்கள். எந்த ஆண்டுத் தொகுப்பு என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.