ஊர் காதில் விழும் விசுவாசம்: கிறிஸ்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எபேசு பட்டணத்தில் பவுலுக்கு எதிராகக் கலகம் மூண்டபோது, கூட்டத்தை அமர்த்தியவர் ஒரு விசுவாசி இல்லை, பட்டணத்துச் சம்பிரதி, அதாவது நகர எழுத்தர். பிடிபட்டிருந்த பவுலின் தோழர்களைப் பற்றி, இவர்கள் கோயிலைக் கொள்ளையடித்தவர்களும் அல்ல, நம் தேவியைத் தூஷித்தவர்களும் அல்ல என்று அவர் சொன்னதை அப்போஸ்தலர் 19:37-ல் வாசிக்கிறோம். அதற்குமுன் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பவுல் அந்த ஊரில் ஒளிவுமறைவின்றிப் பிரசங்கித்திருந்தார். அப்படியிருந்தும் வேறு மதத்தைச் சேர்ந்த ஒருவர் அவருடைய தோழர்களுக்காக வாய் திறந்தார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 விழுக்காடு. நமக்காகச் சாட்சி சொல்லக்கூடியவர்களில் பெரும்பாலானோர் நம் சபைக்கு வெளியே இருப்பவர்கள்தான். அந்தச் சாட்சியைக் கெடுத்துக்கொள்ளும் காரியங்களைப் பற்றி மட்டும் இங்கே பேசுவோம்.

முதலில் ஒலிபெருக்கி. சபைக்கும் தெருவுக்கும் வரும் சண்டைகளில் பல இங்கேதான் தொடங்குகின்றன. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, ஒலிபெருக்கி வைக்க எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் வைக்கவே கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது அளவு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். பண்டிகைக் காலங்களில் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம். அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் இல்லை. அப்படியானால் புத்தாண்டு ஆராதனையில் 12 மணி தாண்டிய வாழ்த்துப் பாடலும், ஈஸ்டர் அன்று காலை 4 மணி ஆராதனையும் கட்டடத்துக்குள்ளேயே ஒலிக்க வேண்டியவை. கேரல் ரவுண்ட்ஸுக்கும் இதே கணக்குதான். நள்ளிரவு இரண்டு மணிக்குத் தெருவில் டிரம் அடித்தால், கிறிஸ்து பிறந்த செய்தியைவிடத் தூக்கம் கெட்ட எரிச்சல்தான் அந்தத் தெருவில் மிஞ்சும்.

"கோயிலில் வைக்கிறார்களே, மசூதியில் வைக்கிறார்களே" என்ற பதில் சட்டத்தில் நிற்காது. சென்னையில் ஒரு சபைக்கு எதிராகக் குடியிருப்போர் சங்கம் தொடுத்த வழக்கில், பிறருடைய அமைதியைக் கெடுத்து ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. நடைமுறையில் செய்ய வேண்டியவை எளியவை. கூம்பு ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு, உள்நோக்கித் திருப்பிய சிறிய பாக்ஸ்களை வையுங்கள். டிரம்ஸையும் கீபோர்டின் பாஸையும் குறையுங்கள். சுவரைத் தாண்டிப் போய் நெஞ்சில் இடிப்பது அவைதான், பிரசங்கியாரின் குரல் அவ்வளவு போகாது. ஆராதனை நடக்கும்போது ஒருவர் சுற்றுச்சுவருக்கு வெளியே போய் நின்று கேட்டுவிட்டு வரட்டும். செல்போன் செயலியில் அளந்தால் தோராயமான கணக்கு கிடைக்கும். பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், தேர்வு மாதத்தில் உபவாச ஜெபத்தை மைக் இல்லாமல் நடத்தலாம். போதகரே அந்த வீட்டுக்குப் போய், "அம்மா, சத்தம் கேட்டா உடனே இந்த நம்பருக்குச் சொல்லுங்க" என்று எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தால், புகார் காவல் நிலையத்துக்குப் போகும் முன் நம்மிடம் வரும்.

சத்தத்தைக் குறைத்துவிடலாம், சொற்களைத் திருத்துவது கடினம். "புறஜாதியார்", "அஞ்ஞானிகள்", "இருளில் கிடக்கிறவர்கள்", "இந்த ஊரைச் சுதந்தரிப்போம்", "அரண்களைத் தகர்ப்போம்" என்பவை சபைக்குள் நமக்குப் பழகிப்போன வேதாகமச் சொற்கள். அவற்றை வெளியிலிருந்து கேட்பவருக்கு, தன்னை இழிவுபடுத்தி, தன் ஊரையே பிடிக்கத் திட்டமிடுகிறார்கள் என்றுதான் பொருள்படும். முன்பு நான்கு சுவருக்குள் முடிந்த பிரசங்கம் இன்று யூடியூப்பில் நேரலையாகப் போகிறது. அதில் முப்பது நொடியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு கை போதும். உள்நோக்கத்தோடும் வன்மத்தோடும் பிற மத உணர்வைப் புண்படுத்தினால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் திருத்த வேண்டிய காரியம் இல்லை இது. நம் பக்கத்து வீட்டு அக்கா நம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். அவரை எந்த மேடையிலிருந்தும் "அஞ்ஞானி" என்று அழைக்க நமக்கு உரிமையில்லை. இயேசுவைப் பற்றிச் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். அவர்களுடைய சாமியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் அதைச் சொல்ல முடியும்.

நற்செய்தி சொல்வதற்கான உரிமையைப் பற்றியும் தெளிவு வேண்டும். அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது, பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டு. "பரப்புதல்" என்ற சொல்லை 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் ஆதரித்துப் பேசியவர்களில் ஒருவர், பின்னாளில் மத்திய நிதியமைச்சரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி. கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்களில் சுமார் 14 ஆண்டுகள் படித்தும் தன்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்று அவர் அங்கே சொன்னார். ஆசிரியர்கள் நேர்மையாகப் பாடம் நடத்தியது பிற்பாடு நாடு முழுமைக்குமான ஒரு உரிமைக்குச் சான்றாக வந்து நின்றது. பிறரை மதம் மாற்றுவது இந்த உரிமைக்குள் அடங்காது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே வகுப்பறையிலும், மருத்துவமனைக் கட்டிலருகிலும், வெள்ள நிவாரண வரிசையிலும் கைப்பிரதி கொடுக்காதீர்கள். வாங்குபவர் மறுக்க முடியாத நிலையில் இருக்கிறார். அரிசிப் பையும் கைப்பிரதியும் ஒரே கையிலிருந்து வந்தால், அரிசியின் அன்பே சந்தேகத்துக்குள்ளாகும். வட மாநிலங்களுக்கு ஊழியப் பயணம் போகிறவர்கள் அந்தந்த மாநிலச் சட்டத்தைப் படித்துவிட்டுப் புறப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 2002-இல் வந்த மதமாற்றத் தடைச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. ஒடிசா, மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் போன்ற இடங்களில் உண்டு, தண்டனையும் கடுமை.

பிரசாத விஷயத்தில் சபைக்குச் சபை வழக்கம் மாறும். 1 கொரிந்தியர் 8-ஆம் 10-ஆம் அதிகாரங்களே இரண்டு பக்கத்தையும் பேசுகின்றன. எதைத் தீர்மானித்தாலும், வாங்கிக்கொண்டு தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள்; கொடுத்தவர் கண்ணில் என்றாவது பட்டுவிடும். வாங்குவதில்லை என்றால், "அக்கா, படைச்சதை நாங்க சாப்பிடுறதில்ல, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க வீட்டுக் குழம்புன்னா நானே கேட்டு வாங்கிக்குவேன்" என்று சிரித்த முகத்தோடு சொன்னால் உறவு கெடாது. பிரசங்கம் வேண்டாம். அலுவலக ஆயுத பூஜையில் கும்பிட நிற்காவிட்டாலும், முந்தின நாள் மேசை துடைக்கவும் பொரிகடலைக்குப் பணம் போடவும் நிற்கலாம். நாம் கொடுக்கும்போதும் இதே கவனம் தேவை. சைவ வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் கேக் என்றால் முட்டையில்லாதது.

சுகமளிக்கும் கூட்டங்களில் நடக்கும் ஒரு தவறு உயிரையே வாங்கும். "ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை வேண்டாம்" என்று இன்சுலினையோ வலிப்பு மருந்தையோ காசநோய் மருந்தையோ நிறுத்தச் சொல்லாதீர்கள். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சையே ஆறு மாதம். நடுவில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி வளரும், அது வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் பரவும். ஜெபியுங்கள், மாத்திரையையும் எடுத்துக் கொடுங்கள்.

சாதிச் சான்றிதழ் விஷயம் வேதனையானது. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதி ஆணைப்படி, இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி உண்டு. தலித் கிறிஸ்தவர்கள் ஞானஸ்நானத்துக்குப் பிறகும் அதே தெருவில், அதே அவமானத்தோடுதான் வாழ்கிறார்கள். இந்த ஆணை அநீதியானது என்பதே எங்கள் கருத்து. ஆனாலும் சபைப் பதிவேட்டில் ஒரு பெயர், சான்றிதழில் இன்னொரு மதம் என்று வைத்துக்கொள்வது பிள்ளையின் வேலைக்கே ஆபத்து. புதுச்சேரியிலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024-இல் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. பட்டியல் சாதியிலிருந்து வந்த கிறிஸ்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் உண்டு. அந்தச் சான்றிதழை வாங்குங்கள், ஆணையை மாற்றுவதற்கு வெளிப்படையாகப் போராடுங்கள். அதோடு, சாதிக்கொரு கல்லறை வைத்திருக்கும் சபை அரசிடம் போய்ச் சமத்துவம் கேட்கும்போது, கேட்பவருக்கே நா தழுதழுக்க வேண்டும்.

தேர்தல் நேரத்தில் பிரசங்க பீடத்திலிருந்து வேட்பாளர் பெயர் வரக்கூடாது. இன்னாருக்கு ஓட்டுப் போடாவிட்டால் தேவகோபம் வரும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123-ஆவது பிரிவில் தகாத செல்வாக்கு; நாம் ஆதரித்த வேட்பாளரின் வெற்றியையே அது செல்லாததாக்கலாம். 1988-ஆம் ஆண்டின் ஒரு சட்டம் வழிபாட்டிடத்தை அரசியல் காரியத்துக்குப் பயன்படுத்துவதையும் தடுக்கிறது. சபை செய்யக்கூடியது வேறு: 18 வயது நிரம்பியவர்களுக்கு, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ நிரப்ப உதவுவது, எல்லா வேட்பாளர்களுக்காகவும் ஜெபிப்பது.

ஓட்டுப் போடுவதோடு குடிமக்களின் கடமை முடிந்துவிட்டதாக நினைப்பதும் தவறு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. குடிநீர், சாலை, கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பாதை, எல்லாம் அங்கே பேசப்படும். இவற்றில் விடுமுறை நாட்களைப் பார்த்து நாம் முழுநாள் உபவாசக் கூட்டம் வைத்துவிடுகிறோம். ஊர் கூடும் நேரத்தில் சபையார் ஒருவரும் அங்கே இல்லை. அந்த நாட்களில் கூட்டத்தை மாலைக்கு மாற்றுங்கள். காலையில் சபையாக நடந்துபோய் ஊராரோடு உட்காருங்கள். நம் சபைச் சுவருக்கான மனு கையில் இருக்கட்டும். அம்மன் கோயில் தெருவில் எரியாத விளக்குக்கான மனுவில் நாமும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம்.