வெளிநாட்டு விருந்தாளிக்கு எதைக் காட்டுவது?

பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கும் திட்டம் பற்றிப் பேச வேறொரு நாட்டுக் குழு பினாங்குக்கு வருகிறதா? முதலில் அவர்களுடைய தேசியத் திட்டத்தைப் படித்துவிடுங்கள். இலங்கை 2016–2025க்கு ஒன்று எழுதியது, வங்காளதேசம் 2023–2050க்கு. படிக்காமல் போனால் முதல் நாள் அறிமுகத்திலேயே கரைந்துவிடும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஆனது.

அப்புறம் இடம். ஹோட்டல் மண்டபத்தில் ஸ்லைடு ஓட்டாதீர்கள். 2017 நவம்பர் வெள்ளம் புகுந்த வீடு ஒன்றுக்கு அழைத்துப் போங்கள். என் அக்கா வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இடுப்பளவில் இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்ததும் கேள்விகளே மாறிவிடும். எச்சரிக்கை எத்தனை மணிக்கு வந்தது? யார் சொன்னது? நடக்க முடியாத பாட்டியை யார் தூக்கிக்கொண்டு போனது? வங்காளதேசத்தில் புயல் எச்சரிக்கையைக் கிராமங்களுக்குக் கொண்டுபோகும் தொண்டர்கள் 1970களிலிருந்தே இருக்கிறார்கள். இந்த விஷயத்தில் நாம் வாயை மூடிக்கொண்டு குறிப்பெடுக்க வேண்டும்.

வெள்ளநீரைத் திருப்பிவிடும், வண்டிகளும் ஓடும் கோலாலம்பூரின் 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கத்தை எல்லோரும் வியப்பார்கள், சரி. அந்த அளவு பணம் எத்தனை பேரிடம் இருக்கிறது? பினாங்கின் மரம், பசுமைவெளித் திட்டத்துக்கு ஐ.நா. பருவநிலை ஒப்பந்தங்களின் கீழ் இயங்கும் தகவமைப்பு நிதியம் (Adaptation Fund) பணம் தருகிறது. அந்த விண்ணப்பத்தை எப்படி எழுதினார்கள் என்று விளக்குங்கள், அதுதான் அவர்களுக்கு உபயோகம்.

சொதப்பிய கதையை நீங்களே முதலில் சொல்லுங்கள். தே தாரிக் நேரத்தில் அவர்களும் சொல்வார்கள்.

கிளம்பும்போது, ஊருக்குப் போய்ச் செய்யப்போகும் ஒரே ஒரு வேலையைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். அந்தத் தேதிக்கு மறுநாள் போன் பண்ணுங்கள்.