மூடிய ஜன்னல் வழியாகவும் புற ஊதாக் கதிர் வரும்

தண்டையார்பேட்டையில் நான் போகும் படிப்பகத்தில், மேற்கு ஜன்னலை ஒட்டிய அலமாரிப் புத்தகங்களின் முதுகு மட்டும் வெளுத்துக் கிடக்கிறது. அதே ஜன்னலோரம்தான் பிள்ளைகள் மதியம் முழுக்க உட்கார்ந்து தேர்வுக்குப் படிக்கிறார்கள். கண்ணாடி மூடித்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். புற ஊதாக் கதிரில் (யுவி) இரண்டு வகை உள்ளே வரப் பார்க்கும். தோலைச் சிவக்கவைக்கும் யுவி-பி கதிரைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். தோலுக்குள் ஆழமாக இறங்கும் யுவி-ஏ கதிரில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும்.

கண்ணாடியில் நல்ல யுவி ஃபிலிம், அதாவது இந்தக் கதிரைத் தடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள், ஒட்டினால் 99 சதவீதம் வரை தடுக்கலாம். ஃபிலிம் கறுப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. நிறமில்லாததும் தடுக்கும், படிக்க வெளிச்சமும் குறையாது. பள்ளிக்கும் மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்துக்கும் அதைத்தான் சொல்வேன். வாங்கும்போது எத்தனை நானோமீட்டர் (கதிரின் அலைநீளத்தை அளக்கும் அலகு) வரை தடுக்கும் என்று கட்டாயம் கேளுங்கள். யுவி-ஏ 400 வரை போகிறது, பல ஃபிலிம்களின் கணக்கோ 380 உடன் நின்றுவிடும்.

உட்பக்கம் ஒட்டுங்கள். காசிமேடு, ராயபுரம் உப்புக்காற்றில் வெளிப்பக்க ஃபிலிம் சீக்கிரம் கெடும். ஒட்டியபின் ஒரு மாதம் துடைக்க வேண்டாம், அப்புறமும் அமோனியா கலந்த கிளீனர் கூடாது. கம்பிவலை பதித்த பழைய கண்ணாடியில் அடர்நிற ஃபிலிம் ஒட்டினால், சூடேறி விரிசல் விடலாம்.

காற்றுக்காகத் திறந்தே வைக்கும் ஜன்னல் என்றால் ஃபிலிமால் பயனில்லை. அங்கே மேசையை வெயில் படாத பக்கம் நகர்த்திப் போடுங்கள்.