வாயில் ஆறாத புண்: எப்படிப் பார்ப்பது, புற்றுநோய் என்று வந்துவிட்டால் எப்படிச் சமாளிப்பது

வெற்றிலை பாக்கு, புகையிலை, ஹான்ஸ், பீடி, சிகரெட், குடி, இதில் ஏதாவது ஒன்று பல வருஷமாக உங்களுக்கோ வீட்டுப் பெரியவர்களுக்கோ பழக்கமாக இருந்தால் மாதம் ஒரு முறை வாயைத் திறந்து பாருங்கள். இந்திய ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுதான். ஸ்கேன் இல்லாமல், கண்ணால் பார்த்தே ஆரம்பத்தில் பிடித்துவிடக்கூடிய நோய் இது. அப்படியிருந்தும் பலர் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், ஏனென்றால் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

"நான் பாக்கு மட்டும்தான் போடுகிறேன், புகையிலை தொடுவதில்லை" என்பவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது.

பார்ப்பது சுலபம். வாய் கொப்பளித்துவிட்டு, பல்செட் இருந்தால் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள், போன் டார்ச் இருந்தால் இன்னும் வசதி. கன்னத்தை விரலால் வெளியே இழுத்து உட்பக்கம் முழுக்கப் பாருங்கள், குறிப்பாகப் புகையிலையை வழக்கமாக அதக்கும் இடத்தை. நாக்கு நுனியைத் துணியால் பிடித்து இழுத்து இரண்டு ஓரங்களையும், பிறகு நாக்கைத் தூக்கி அடியையும் பாருங்கள். ஈறு, உதட்டின் உட்புறம், அண்ணம் எதையும் விடவேண்டாம். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, தடவினால் கெட்டியாகத் தட்டுப்படும் இடம், காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கட்டி, இவைதான் கவனிக்க வேண்டியவை. அப்புறம், மூன்று விரல்களைச் சேர்த்து நெட்டாக வாய்க்குள் வைத்துப் பாருங்கள். நுழையவில்லை, காரம் பட்டாலே எரிகிறது என்றால், அது பாக்கினால் வாயின் உள்தோல் இறுகிப்போவதாக இருக்கலாம், புற்றாக மாறக்கூடிய நிலை அது.

எந்தப் புண்ணானாலும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறவில்லையா, உடனே பல் டாக்டரிடம் போங்கள். மெடிக்கலில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் தடவுகிற ஜெல்லும் வாங்கி மாதக்கணக்கில் ஓட்டுவதில்தான் பல பேருடைய பொன்னான நேரம் போய்விடுகிறது. சந்தேகம் இருந்தால் டாக்டர் பயாப்சி எழுதுவார், மரத்துப்போக ஊசி போட்டுச் சின்னத் துண்டு ஒன்றை எடுப்பார்கள், அவ்வளவுதான். கத்தி பட்டால் பரவிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், நம்பாதீர்கள். அந்தத் துண்டைப் பரிசோதிக்காமல் யாரும் வைத்தியத்தைத் தொடங்க முடியாது.

சரி, ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. அன்று ராத்திரி தூக்கம் வராது, அழுகை வரும், அது இயல்பு. ஆனால் நோயாளியிடம் மறைக்காதீர்கள். வார்டில் நுழைந்ததும் அவருக்கே தெரிந்துவிடும், பிறகு யார் சொல்வதையும் நம்பமாட்டார்.

மறுநாளே ஒரு ஃபைல் போடுங்கள். பயாப்சி ரிப்போர்ட்டோடு அதன் பிளாக்கையும் (எடுத்த துண்டை மெழுகில் பதித்து வைத்த கட்டி) ஸ்லைடையும் (அதிலிருந்து மெல்லிசாகச் சீவி ஒட்டிய கண்ணாடி) கேட்டு வாங்கி வையுங்கள், வேறு ஆஸ்பத்திரியில் இரண்டாவது கருத்து கேட்டால் அவைதான் முதலில் தேவைப்படும். அறுவை, கதிர்வீச்சு, கீமோ மூன்றுக்கும் டாக்டர்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடமாகப் பாருங்கள், அடையாறு புற்றுநோய் நிலையம் மாதிரி. டாக்டரிடம் எந்த ஸ்டேஜ், கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருக்கிறதா, அறுவை மட்டும் போதுமா, பேச்சும் விழுங்குவதும் எப்படி ஆகும் என்று எழுதி எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். ஆரம்ப நிலையில் பலருக்கு அறுவையோடு வைத்தியம் முடிந்துவிடுகிறது.

கதிர்வீச்சு என்று முடிவானால் அதற்கு முன்பே பல்லைக் காட்டி, எடுக்க வேண்டிய பற்களை எடுத்துவிட வேண்டும். பின்னால் எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. வைத்திய நாட்களில் வாய் வெந்துபோன மாதிரி இருக்கும், சாப்பாடு இறங்காது. கஞ்சி, ஆறவைத்த பருப்புக் கடைசல், முட்டை, தயிர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், எடை குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மூக்கு வழியாகக் குழாய் போடச் சொன்னால் பயப்படவேண்டாம், உடம்பு வைத்தியத்தைத் தாங்கத்தான் அது. கீமோ ஓடும்போது காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வீட்டில் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காதீர்கள்.

பணத்துக்கு நகையை எடுப்பதற்கு முன் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைக் கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும், அட்மிஷன் போடும்போதே காப்பீட்டு கவுண்ட்டரில் சொல்லிவிட வேண்டும். வைத்தியத்துக்கு ரயிலில் போகிறவர்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு, அதற்கான படிவத்தில் டாக்டர் கையெழுத்து வேண்டும்.

நோய் வந்த பிறகு புகையிலையை விட்டு என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. நிறையப் பயன் இருக்கிறது. புண் சீக்கிரம் ஆறும், கதிர்வீச்சு நன்றாக வேலை செய்யும், வாயில் இன்னொரு இடத்தில் புதிதாக வரும் வாய்ப்பும் குறையும். தனியாக விட முடியவில்லை என்றால் 1800 11 2356 என்ற இலவச எண்ணைக் கூப்பிடுங்கள், விடுவதற்கு ஒரு நாள் குறிக்கவும் அந்த முதல் வாரத்தைத் தாண்டவும் உதவுவார்கள்.