வீட்டிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள்: வயர்கார்டு அமைக்கும் முறை

அலுவலகக் கணினியை வீட்டிலிருந்து இயக்க வேண்டும் என்றவுடன் பலர் ரவுட்டரில் 3389ஆம் போர்ட்டை (ரிமோட் டெஸ்க்டாப்புக்கான இணைப்பு வாசலை) திறந்து, ரிமோட் டெஸ்க்டாப்பை நேரே இணையத்தின் முன் நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் போர்ட்டைத் தேடித் துழாவும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. 2019இல் வெளிப்பட்ட புளூகீப் என்னும் ஓட்டை, பழைய விண்டோஸ் கணினிகளைக் கடவுச்சொல் இல்லாமலேயே கைப்பற்ற வழிவிட்டது. அப்படியொரு விதி உங்கள் ரவுட்டரில் இருந்தால் முதலில் அதை நீக்கிவிட்டு, விபிஎன் (இணையத்தின் ஊடே செல்லும் குறியாக்கம் செய்யப்பட்ட தனிப்பாதை) வழியாக மட்டும் உள்ளே வரச் செய்யுங்கள். சிறு நிறுவனங்களுக்கு என் பரிந்துரை வயர்கார்டு என்னும் விபிஎன் மென்பொருள். 2020இல் வெளியான லினக்ஸ் 5.6ஆம் பதிப்பிலிருந்து அது லினக்ஸ் கெர்னலிலேயே (இயங்குதளத்தின் மையப் பகுதியிலேயே) இருக்கிறது.

தொடங்குமுன் இரண்டைப் பார்க்க வேண்டும். ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், உங்கள் இணைய முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று பொருள்; வெளியிலிருந்து உங்கள் ரவுட்டரை நேரே எட்ட முடியாது. இணையச் சேவை நிறுவனத்திடம் உங்களுக்கே உரிய நிலையான பொது முகவரி கேட்டு வாங்குங்கள். அடுத்து, அலுவலகத்திலும் ஊழியர் வீட்டிலும் ஒரே 192.168.1 வரிசை இருந்தால், அலுவலக சர்வரை மடிக்கணினி வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். எனவே அலுவலகத்தை 10.57.20.0/24 போன்ற, வீடுகளில் அரிதான வரிசைக்கு மாற்றி, விபிஎன்னுக்கு 10.57.99.0/24 என்று தனி வரிசை ஒதுக்குங்கள்.

லினக்ஸ் சர்வரில் வயர்கார்டை நிறுவி, ஐபி ஃபார்வர்டிங்கை (ஒரு வலையமைப்பிலிருந்து வரும் தகவலை இன்னொன்றுக்குக் கடத்தும் வசதியை) இயக்கி, ரவுட்டரில் வயர்கார்டுக்கான யுடிபி 51820ஆம் போர்ட்டை மட்டும் அந்த சர்வருக்குத் திருப்புங்கள். வயர்கார்டில் ஒவ்வொருவரையும் அடையாளம் காட்டுவது ஒரு சாவி இணை: ரகசியமான தனிச்சாவி, பிறருக்குத் தரக்கூடிய பொதுச்சாவி. தனிச்சாவியை ஒவ்வொருவரும் தம் கணினியிலேயே உருவாக்க வேண்டும். உங்களிடம் வர வேண்டியது பொதுச்சாவி மட்டுமே. 10.57.99.0/24க்கான வழி இந்த சர்வர்தான் என்று அலுவலக ரவுட்டரில் எழுதாவிட்டால், போன தகவலுக்குப் பதில் திரும்பாது.

பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்வது வயர்கார்டு அமைப்புக் கோப்பில் உள்ள ‘அலோடு ஐபிஸ்’ (AllowedIPs) வரியை. ஊழியரின் கணினியில் அது எந்தப் போக்குவரத்து விபிஎன்னுக்குள் போக வேண்டும் என்று சொல்லுகிறதே தவிர, யார் எதைத் தொடலாம் என்பதைக் கட்டுப்படுத்துவதில்லை. அந்தக் கணினியில் நிர்வாக உரிமை உள்ள எவரும் அதைத் திருத்திக்கொள்ளலாம். கட்டுப்பாடு சர்வரின் ஃபயர்வாலில்தான் இருக்க வேண்டும்: கணக்குப் பிரிவுக்கு டாலி சர்வர் மட்டும், மற்றதெல்லாம் மறுப்பு.

சோதனையை அலுவலக வைஃபையில் அல்லாமல் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் செய்யுங்கள். கடைசிக் கைகுலுக்கல் (இரு பக்கமும் சாவியைச் சரிபார்த்து இணைவது) நேரம் வயர்கார்டில் தெரியவில்லை என்றால் சாவியிலோ போர்ட்டிலோ பிழை; அது தெரிந்தும் பிங் (மறுபக்கக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போகவில்லை என்றால் வழியிலோ ஃபயர்வாலிலோ தேடுங்கள். சற்று நேரம் சும்மா இருந்த பின் அலுவலகத்திலிருந்து ஊழியர் கணினியை எட்ட முடியாவிட்டால், அவர் பக்கம் ‘பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ்’ (PersistentKeepalive) 25 என வையுங்கள்; 25 நொடிக்கு ஒருமுறை சிறு தகவல் அனுப்பி இணைப்பை அது உயிரோடு வைக்கும்.

வயர்கார்டு தானாக ஓடிபி கேட்பதில்லை; மடிக்கணினி களவுபோனால் சாவியும் கூடவே போகும். ஆகவே வட்டைக் குறியாக்கம் செய்து, உள்ளே இருக்கும் சேவைகளுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை வையுங்கள். சர்வர் கோப்பில் ஒவ்வொரு பொதுச்சாவிக்கும் மேலே உரியவர் பெயரையும் கருவியையும் குறித்துவைத்தால், ஒருவர் வேலையை விட்டுப் போகும் அன்றே எந்தச் சாவியை நீக்குவது என்ற குழப்பம் இராது.