தரவு திரட்டும் முன் ஆய்வைத் திட்டமிடுவது எப்படி?

புள்ளியியல் படிக்கத் தொடங்கும் பலரும் சராசரி, திட்ட விலக்கம் என்று நேராகக் கணக்குக்குள் போய்விடுகிறார்கள். எண்கள் எப்படி வந்தன என்று கேட்பதே இல்லை. ஆனால் கோணலாகத் திரட்டிய தரவை எந்தச் சூத்திரத்தாலும் நிமிர்த்த முடியாது. அதனால் திட்டம் முதலில், கணக்கு பிறகு.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"பால் உடம்புக்கு நல்லதா?" என்று மட்டும் கேட்டால் எதை அளப்பது என்றே தெரியாது. "பள்ளிப் பிள்ளைகளுக்கு நான்கு மாதம் தினமும் பால் கொடுத்தால், கொடுக்காத பிள்ளைகளைவிட உயரமும் எடையும் அதிகம் கூடுமா?" என்று கேளுங்கள். யாருக்கு, எவ்வளவு காலம், யாரோடு ஒப்பிட்டு, எதை அளந்து என்று எல்லாமே அதில் வந்துவிடுகிறது. 1930-ல் ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயரில் சுமார் 20,000 பிள்ளைகளை வைத்துக் கேட்ட கேள்வி கிட்டத்தட்ட இதுதான். அந்த ஆய்வு மற்ற படிகளுக்கும் உதவும்.

படி 2: கவனிக்கப் போகிறீர்களா, சோதிக்கப் போகிறீர்களா?

ஏற்கெனவே பால் குடிக்கும் பிள்ளைகளையும் குடிக்காதவர்களையும் அளந்து ஒப்பிட்டால், அது கவனிப்பு ஆய்வு. பால் குடிப்பவர்கள் உயரமாக இருந்தாலும் பால்தான் காரணம் என்று சொல்ல முடியாது. பால் வாங்க வசதியுள்ள வீட்டில் முட்டையும் பருப்பும்கூட நன்றாகக் கிடைத்திருக்கும். யாருக்குப் பால் என்பதை நாமே தீர்மானித்தால் அது சோதனை. காரணத்தை உறுதியாகச் சொல்ல அதுவே நல்ல வழி.

எல்லாவற்றையும் சோதித்துவிடவும் முடியாது. யாரையும் புகைபிடிக்கச் சொல்ல முடியாதல்லவா? அதனால்தான் பிரிட்டனில் 1951-ல் மருத்துவர்களிடம் அவர்களுடைய புகைப்பழக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள்.

படி 3: யாரிடம் திரட்டுவது?

முதலில் முழுப் பட்டியல் வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துச் சீட்டுக் குலுக்குங்கள். எக்செல் என்றால் பெயருக்குப் பக்கத்தில் தற்செயலாக ஓர் எண்ணைத் தரும் ராண்ட் (=RAND()) சூத்திரத்தைப் போட்டு, வந்த எண்களை மதிப்புகளாக ஒட்டி, அந்த வரிசைப்படி அடுக்கி, மேலிருந்து வேண்டிய அளவு எடுத்தால் போதும். வகுப்புக்கு வகுப்பு வித்தியாசம் இருக்கும் என்று தோன்றினால் ஒவ்வொரு வகுப்பிலும் தனித்தனியாகக் குலுக்குங்கள்.

பட்டியலே ஒருபக்கமாக இருந்தால் எத்தனை பேரைக் கேட்டும் பயனில்லை. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்டு சுமார் ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என்றது பத்திரிகை. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வென்றார். பெரும்பாலும் தொலைபேசியும் காரும் வைத்திருந்த வசதியானவர்களின் பட்டியல் அது. போதாததற்கு, பெரும்பாலானவர்கள் பதிலே அனுப்பவில்லை.

படி 4: குழு பிரிப்பதைக் குலுக்கலிடம் விடுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. லனார்க்‌ஷயரில் சுமார் 10,000 பேருக்குப் பால் உண்டு, 10,000 பேருக்கு இல்லை. சில பள்ளிகளில் குலுக்கியும் சிலவற்றில் அகர வரிசைப்படியும் பிரித்தார்கள். அதுவரை சரி. ஆனால் ஒரு குழுவில் நல்ல ஊட்டமுள்ளவர்களோ மெலிந்தவர்களோ அதிகம் சேர்ந்துவிட்டதாகத் தெரிந்தால் ஆசிரியர்கள் ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். தொடக்கத்தில் எடுத்த அளவுகளைப் பார்த்தால், பால் கிடைக்காத குழுவினர் சராசரியில் உயரமாகவும் கனமாகவும் இருந்தார்கள். மெலிந்த பிள்ளைகளுக்குப் பால் கிடைக்கட்டும் என்ற இரக்கம்தான் இதற்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும். நல்ல மனம்தான். ஆனால் ஒப்பீடு கெட்டுப்போனது. சராசரிகளை ஒப்பிட உதவும் டி சோதனையைத் தந்தவரும் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதியவருமான புள்ளியியலாளர் கோசெட், 1931-ல் இதை எடுத்துக்காட்டி, 50 ஜோடி ஒத்த இரட்டையரில் நாணயம் சுண்டி ஒருவருக்கு மட்டும் பால் கொடுத்திருந்தால், மிகக் குறைந்த செலவில் இதைவிட நம்பகமான விடை கிடைத்திருக்கும் என்றார்.

படி 3-இன் குலுக்கலும் இதுவும் வேறு வேறு; தொடக்கத்தில் பலர் குழம்புவது இங்கேதான். அது யார் ஆய்வுக்குள் வருவார்கள் என்பதற்கு. இது உள்ளே வந்தவர்களில் யாருக்கு எது என்பதற்கு.

இதைச் சரியாகச் செய்த ஆய்வு நம் சென்னையிலேயே நடந்தது. 1956-ல் தொடங்கி, காசநோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியை மருத்துவமனையில் சேர்த்தும் மறுபாதியை வீட்டிலேயே இருக்க வைத்தும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். நெரிசலான ஏழை வீடுகளிலும் சிகிச்சை ஏறக்குறைய அதே அளவு பலித்தது. 193 பேர்தான், ஆனாலும் காசநோய்க்கு மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடக்கத்தான் வேண்டுமா என்று உலகத்தையே யோசிக்க வைத்தது.

படி 5: எல்லாரையும் ஒரே மாதிரி அளங்கள்

லனார்க்‌ஷயர் பிள்ளைகளை உடையோடுதான் எடைபோட்டார்கள். பிப்ரவரிக் குளிரில் ஒருமுறை, ஜூன் வெயிலில் ஒருமுறை. கனத்த குளிருடை வைத்திருந்த வசதியான பிள்ளைகளுக்கு எடை கூடியது குறைவாகத் தெரிந்திருக்கும். ஒரே தராசு, ஒரே வேளை, ஒரே மாதிரி உடை. முடிந்தால் அளப்பவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: சிறிய முன்னோட்டம்

முதலில் சம்மதம் வாங்குங்கள். பிள்ளைகள் என்றால் பெற்றோரிடமும். அப்புறம் ஐந்தாறு பேரிடம் படிவத்தைக் கொடுத்துப் பாருங்கள். "தினமும் சத்தான பால் குடிக்கிறாயா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். "நேற்று பால் குடித்தாயா, எத்தனை டம்ளர்?" என்று மாற்றுங்கள். பதில் தராதவர்கள், பாதியில் விலகியவர்கள் எத்தனை பேர் என்று குறிக்கப் படிவத்திலேயே ஒரு கட்டம் போட்டுவிடுங்கள். முடிவை எழுதும்போது அந்த எண்ணும் தேவைப்படும்.